ஆற்றில் இறங்குவதற்கு முன்: தாமிரபரணிப் படித்துறையில் தண்ணீரைச் சோதிப்பது எப்படி?

பாபநாசமோ, சேரன்மகாதேவியோ, திருநெல்வேலிக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறையோ, எங்கே குளிக்கப் போனாலும் முதலில் கேட்பது "தண்ணி நல்லாருக்கா?" என்றுதான். கரையில் தலை துவட்டிக்கொண்டிருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு "தெளிவாத்தான் கிடக்கு, இறங்குங்க" என்பார். தெளிவு என்றால் மண் கலங்கவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். சாக்கடையோடு வந்து சேரும் கிருமி தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். 2018-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டபோது தாமிரபரணியும் அதில் இருந்தது. அதற்காக ஆற்றுக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எந்தத் துறையில், எந்த நாளில் இறங்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம், பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

படி 1: துறைக்கு மேலே நடந்து பாருங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான், இதைத்தான் யாரும் செய்வதில்லை. வீட்டிலேயே கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நீங்கள் குளிக்கும் இடத்துக்கு மேல்பக்கம், அதாவது தண்ணீர் வரும் திசையில், ஊர், ஓடை, வாய்க்கால் என்று என்னென்ன ஆற்றைத் தொடுகின்றன என்று பாருங்கள். அப்புறம் நேரில் போய் கரையோரமாக ஒரு கிலோமீட்டராவது நடங்கள். கறுத்த தண்ணீர் விழும் குழாய், ஊர்ச் சாக்கடை வந்து சேரும் ஓடை, குப்பை கொட்டும் இடம், மாடு குளிப்பாட்டும் இடம், காலைக்கடனுக்கு ஒதுங்கும் இடம், இவற்றில் எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஓடை ஆற்றில் விழுந்த உடனே தண்ணீரெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடாது; விழுந்த கரையை ஒட்டியே வெகுதூரம் போகும். அதனால் சாக்கடை வலது கரையில் சேர்ந்தால், அதற்குக் கீழே வலது கரைத் துறையில் குளிப்பதும் இடது கரைத் துறையில் குளிப்பதும் ஒன்றல்ல. ஊருக்கு மேலே, கடைசிச் சாக்கடைக்கும் மேலே ஒரு துறை இருக்குமானால் வேறு எந்தச் சோதனையும் செய்யாமலே அதைத் தேர்ந்தெடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

மலையை ஒட்டிய இடம் என்றால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். பாபநாசம் ஆறு சமவெளிக்கு இறங்கும் இடம், மேலே காடுதான். ஆனால் அங்கே கழிவு துறையிலேயே உண்டாகிறது: பரிகாரம் செய்துவிட்டு ஆற்றில் விட்டுப்போகும் துணி, எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பாக்கெட். துணி பாறை இடுக்கில் சிக்கி அழுகுவதோடு காலிலும் சுற்றிக்கொள்ளும். கீழே வயல்காட்டுப் பக்கம் கதை வேறு. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் நடவுக் காலங்களில் உரமும் பூச்சிமருந்தும் கலந்த வடிகால் தண்ணீர் ஆற்றுக்கு வரும். எந்த வீட்டுச் சோதனையிலும் பூச்சிமருந்து தெரியாது, ஆகவே வடிகால் வாய் பக்கத்தில் இறங்காமல் இருப்பதுதான் வழி.

படி 2: கடந்த மூன்று நாள் மழையைக் கேளுங்கள்

பலத்த மழை பெய்தால் தெருவிலும் வயலிலும் கரையிலும் கிடந்ததெல்லாம் ஆற்றுக்கு வந்துவிடும். வெயில் காலம் முழுக்கச் சேர்ந்த அழுக்கை அடித்துக்கொண்டு வரும் முதல் மழைதான் ரொம்ப மோசம். மழை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். துறையில் மழை பெய்யாவிட்டாலும் மேலே பெய்திருக்கலாம், அணையும் திறந்திருக்கலாம், விசாரியுங்கள். அணை திறந்தால் மாசை விடப் பெரிய ஆபத்து வெள்ளமே.

படி 3: கண்ணும் மூக்கும்

அழுகிய முட்டை நாற்றம், சாம்பல் நிறம், கலைத்தாலும் கலையாத நுரை, மேலே எண்ணெய்ப் படலம், செத்த மீன், இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை, சாக்கடைச் சத்தோ உரச் சத்தோ நிறையச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய தண்ணீர் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்: ஓட்டமும் இல்லை, ஆழமும் தெரியாது.

படி 4: வீட்டுச் சோதனை

ஹைட்ரஜன் சல்பைடு புட்டி என்று ஒன்று விற்கிறார்கள், குடிநீர் சோதிக்கும் பெட்டிகளில் இருக்கும். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலத்தோடு தொடர்புள்ள கிருமி இருக்கும்போது கறுத்துவிடும். இதில் ஒரு சிக்கல். இது குடிநீருக்கானது, எந்த ஆற்றுத் தண்ணீரை ஊற்றினாலும் ஏறக்குறைய கறுக்கத்தான் செய்யும், ஆகவே "ஆறே கெட்டுப்போச்சு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

ஆற்றுக்கு என்றால் நீர்த்துப் பார்க்க வேண்டும். கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீர் 99 பங்கு, ஆற்றுத் தண்ணீர் 1 பங்கு. குழாய்த் தண்ணீரை அப்படியே கலக்காதீர்கள், அதிலுள்ள குளோரின் கிருமியைக் கொன்றுவிடும். 20 மில்லி புட்டி என்றால் உள்ளே போவது 0.2 மில்லி ஆற்றுத் தண்ணீர்தான். அந்த அளவிலேயே ஒரு கிருமி இருந்து கறுக்கிறது என்றால், 100 மில்லிக்குச் சுமார் 500 என்ற கணக்கு வருகிறது; குளிக்கும் நீருக்கு நல்லது என்கிற வரம்பும் (படி 5) அதுதான். தோராயம்தான், இரண்டு மூன்று புட்டி வைத்துப் பாருங்கள். எல்லாம் கறுத்தால் அந்தத் துறை வேண்டாம். கறுத்த புட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் கழித்துக் கொட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 5: ஆய்வகம்

எண்ணிக்கை வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கான புட்டி, மாதிரி எடுக்கும் நாள் எல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் ஆழத்தில், தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நின்று, புட்டியின் வாயைக் கீழ்நோக்கி ஒரு சாண் போல உள்ளே இறக்கி, அங்கே வைத்து நிமிர்த்தி நிரப்ப வேண்டும். மேலே கொஞ்சம் காலியிடம் விடுங்கள், வாயின் உள்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. ஆட்கள் குளிக்கிற நேரத்திலேயே எடுங்கள், ஆளில்லாத நேரத்துத் தண்ணீரைச் சோதித்து என்ன பயன்?

முடிவில் "குடிக்கத் தகுதியற்றது" என்று வந்தால் பதற வேண்டாம், குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) கூட இருக்கக்கூடாது. குளிக்கும் நீருக்கு மத்திய வாரியத்தின் அளவு வேறு: மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500 வரை நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பிஓடி (அழுக்கைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, பிஎச் (அமில-காரத் தன்மை) 6.5 முதல் 8.5 வரை. ஒரு நாள் மாதிரியை நம்பி வருஷம் முழுக்கக் குளிக்க முடியாது. கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று எடுத்தால்தான் ஓரளவு தெரியும்.

படி 6: இறங்கும்போது

காலில் புண், கீறல் இருந்தால் இறங்க வேண்டாம். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்த வழியாக உள்ளே போகிறது. பிள்ளைகள் தண்ணீரைக் கொப்பளித்து விளையாடுவார்கள், அதைத் தடுத்தாலே வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக்கு வாய்ப்பு பெரிதும் குறையும். 2024-இல் கேரளாவில் சில பிள்ளைகளைப் பலிகொண்ட மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாக நுழைவது, குடித்தால் வராது. மிக அரிது என்றாலும், வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் குதித்து முங்குவதைத் தவிருங்கள், அப்படியே முங்கினாலும் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கசம் (திடீரென்று ஆழமாகும் குழி) எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் எந்தத் துறையிலும் நீந்தாதீர்கள்.

குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை ஊற்றிக்கொண்டு, காதைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிய பிறகு கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் ஆற்றில் குளித்ததை நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்காமல் போகலாம். கடும் தலைவலி, வாந்தி, கழுத்து மடக்க முடியாத விறைப்பு என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.