வேட்டைத் துப்பாக்கிக்கு முதல் ஸ்கோப்: ஒரே பவரா, மாற்றும் பவரா?

முதல் ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்திக் குறி பார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறவரின் கண் நேராகப் பெரிய எண்ணுக்குத்தான் போகும். என்னுடையதும் அப்படித்தான் போனது. முப்பது கெஜத்தில் மான் எழுந்து ஓடியபோது ஸ்கோப் நிறையப் பழுப்பு முடி. கழுத்தா, வயிறா, ஒன்றும் புரியவில்லை. காலையில் 9 பவரில், அதாவது ஒன்பது மடங்கு பெரிதாகத் தெரியும்படி வைத்ததைக் குறைக்க மறந்திருந்தேன்.

1. எண்ணைப் படியுங்கள். 4×32 என்றால் உருவம் நான்கு மடங்கு, முன் லென்ஸின் விட்டம் 32 மி.மீ. இது ஒரே பவர். 3-9×40 என்றால் வளையத்தைத் திருப்பி 3 முதல் 9 வரை மாற்றலாம்.

2. சின்ன எண்ணைப் பாருங்கள். பவர் ஏற ஏற, ஸ்கோப்பில் தெரியும் பரப்பு சுருங்கும். 100 கெஜத்தில் 3-ல் சுமார் 30 அடி அகலம் தெரிந்தால், 9-ல் பத்துப் பன்னிரண்டு அடிதான். அடர்ந்த காட்டில் 4 பவரே தாராளம். எடை குறைவு, திருப்ப மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. புதரும் வெட்டவெளியும் கலந்த இடமென்றால் 2-7 அல்லது 3-9 வாங்குங்கள். அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். வெயிலில் கானல் அலையும் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

3. அந்தி வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு. லென்ஸ் விட்டத்தைப் பவரால் வகுங்கள். 32÷4 = 8 மி.மீ. 40÷9 = 4.4 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் இது. இருட்டில் நம் கண்மணி 7 மி.மீ. வரை விரியும் (வயது ஏறினால் அதுவும் குறையும்). அதனால் மாற்றும் பவர் வைத்திருப்பவர் அந்தியில் 6-க்கு இறக்கினால் (40÷6 = 6.7 மி.மீ.) படம் பளிச்சென்று ஆகும்.

4. குறுக்குக்கோடு, அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறி பார்க்கும் கோடு. மாற்றும் பவரில் பெரும்பாலும் பவர் மாறினாலும் கோட்டின் அளவு மாறாது. தூரம் கூடக் கூடத் தோட்டா தாழ்வதை ஈடுகட்டும் புள்ளிகள் அதில் இருந்தால், அவை ஒரே ஒரு பவரில்தான் சரியாக இருக்கும். வழக்கமாக அது உச்ச பவர். ஒரே பவரில் இந்தத் தலைவலி இல்லை.

5. தோளில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லையென்று உறுதி செய்துவிட்டு, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் உதைப்பில் புருவம் கிழியும்.

6. சுட்டுச் சோதியுங்கள். மாற்றும் பவர் வாங்கியிருந்தால், ஒரே காகிதத்தில் 3-ல் வைத்து மூன்று தோட்டா, அப்புறம் 9-ல் வைத்து மூன்று. இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விலகினால் முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகுகளை இறுக்கிவிட்டு மறுபடி சுடுங்கள். அப்போதும் விலகுகிறதா, ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.