சென்னை வழியாகப் பலாலி: யாருக்கு இலாபம், யாருக்கு அலைச்சல்?

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்னை வழியாகவும் போகலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று யாழ்ப்பாணம் போகும் தெருவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தெருவில் ஆறேழு மணித்தியாலம். விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் என்று அட்டவணை சொல்லும், அதிலும் வானில் பறப்பது ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளேதான். ஓடுவது ஏ.ரி.ஆர். 72 என்ற சிறிய காற்றாடி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றரளவில் பறக்கும். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை.

இதைக் கேட்டவுடன் ரிக்கெற் போட்டுவிடாதீர்கள். நேரம் போவது சென்னையில்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் ரிக்கெற்றும் பலாலி ரிக்கெற்றும் தனித்தனியாக எடுத்ததென்றால், சென்னையில் குடிவரவைத் தாண்டி, பெட்டிகளை எடுத்து, திரும்பவும் பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று இரண்டு தரம் இந்தியாவுக்குள் நுழைகிறீர்கள். 30 நாள் ஈ-விசாவில் இரண்டு நுழைவு உண்டு. ஆனால் ஊரில் ஆறு கிழமை நிற்கப் போகிறவருக்கு அது காணாது, ஒரு வருட விசாதான் சரி. இலங்கைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் ஈ.ரி.ஏ. அனுமதி வேறு. குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் விசாச் செலவையெல்லாம் கூட்டிப் பாருங்கள், சில வேளை கொழும்பிலிருந்து தனி வாகனம் பிடிப்பதே மலிவு.

அடுத்தது சாமான். வெளிநாட்டிலிருந்து ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி கொண்டுவரப் பழகியவர்களுக்குச் சிறிய விமானத்தின் நிறைக் கணக்கு ஒத்துவராது. மேலதிக நிறைக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் கூடத்தான் வரும். மேல்தட்டும் சிறிது. பெரிய கைப்பெட்டி அதற்குள் போகாது.

அப்படியென்றால் யாருக்கு இந்த வழி? கலியாணத்துக்குச் சென்னையில் சீலை, நகை எடுக்க இருப்பவர்களுக்கும், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போக நினைப்பவர்களுக்கும் அருமை. இரவு முழுக்க வாகனத்தில் குந்தியிருக்க ஏலாத முதியவர்களோடு வருபவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். ஆனால் சென்னையில் ஓர் இரவு தங்கவையுங்கள். நேரே ஊருக்குப் போய்த் திரும்பும் இளசுகளுக்குக் கொழும்பே போதும்.

திருச்சியிலிருந்தும் 2025 மார்ச் இறுதியில் பலாலிக்குச் சேவை தொடங்கியது. தூரம் 185 கிலோமீற்றரளவில்தான், ஏறி நிமிர முதல் இறங்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் இருப்பதால் அங்குள்ளவர்கள் இதைப் பார்க்கலாம். சென்னைப் பாதை ஒன்றும் புதிதல்ல: 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இன்றைய பலாலி) வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. நெடுங்காலம் நின்றுபோயிருந்த சென்னைச் சேவை 2019 நவம்பரில் மீண்டது, கொரோனாவில் முடங்கி 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இருக்கைகள் வேளைக்கே முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிறிய விமானங்கள் பிந்தலாம், நிற்கவும் கூடும். ஆகவே திரும்பும்போது பலாலியிலிருந்து புறப்படும் அதே நாளில் லண்டன் விமானத்தை வைக்காதீர்கள். இரண்டும் தனி ரிக்கெற் என்றால், தவறவிட்டதற்கு எந்த விமானக் கொம்பனியும் பொறுப்பெடுக்காது.