இறால் ரத்தத்துல இருக்கிற புரதமும் பண்ணையில நாம பண்ணக்கூடாத தப்பும்

வேதாரண்யம், சீர்காழி பக்கம் வன்னாமி இறால் வளர்க்கிறவங்ககிட்ட பேசினா ஃபீட் விலை, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்ங்கிற கணக்கு), வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் இதுதான் பேச்சு, இறாலோட ரத்தத்தைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. ஆனா நோயோட மல்லுக்கு நிக்கிறதுல பாதி வேலை அந்த ரத்தப் புரதத்தோடதுதாங்க.

இறாலுக்கு நம்மள மாதிரி ஆன்டிபாடி கிடையாது. அதனால தடுப்பூசி மாதிரி ஒரு தடவை குடுத்தா சீசன் முழுக்க தாங்கும்னு யாராச்சும் டப்பாவோட வந்தா நம்பிடாதீங்க. அதுக்கு இருக்கிறது ஹீமோசயனின், ரத்தப் புரதத்துல 60ல இருந்து 95 சதவீதம் இதுதான். நம்ம ரத்தத்துல இரும்பு, இதுல செம்பு. ஆக்சிஜனைப் பிடிச்சா லேசா நீலம், விட்டுட்டா நிறமே இருக்காது, ஊசியில எடுத்த ரத்தம் நீலமா இருந்தா விஷம்னு பதறாதீங்க.

இதே புரதம்தான் காவலும் பாக்குது. கிருமி உள்ள வந்தா இது வெட்டுப்பட்டு சின்னச் சின்ன துண்டா பிரியும், அதுல சிலது பூஞ்சையையே கொல்லும். காயத்துல கருப்பு கட்டுதே, அந்த மெலனின் உண்டாக்குற வேலைக்கும் இது கை குடுக்கும். ஒண்ணு ரெண்டு இறால் ஓட்டுல கருப்பு தழும்பைப் பாத்த உடனே குளம் முழுக்க கெமிக்கல் கொட்டாதீங்க, பல நேரம் அது உடம்பு காயத்தை அடைச்ச அடையாளம்.

மூச்சுக்கும் சண்டைக்கும் ஒரே ஆள்ங்கிறதால பெரிய தப்பு எதுன்னா டீசல் மிச்சம் பண்றேன்னு ராத்திரி தண்ணியில காத்து கலக்குற ஏரேட்டரை நிறுத்துறதுதான். பாசி ராத்திரியெல்லாம் ஆக்சிஜனை இழுத்து விடியறதுக்கு முன்னாடி அடிமட்டத்துக்கு கொண்டு வந்துடும், ஆக்சிஜன் மீட்டர்ல லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு கீழ போக விடாதீங்க, மூச்சுக்கே திணறுற இறால் கிருமியை எங்க பாக்கும்?

பட்டினியும் அப்படித்தான், தீனி இல்லன்னா இறால் இந்தப் புரதத்தையே கரைச்சு சாப்பிட்டுரும். சட்டை உரிச்ச உடனே உடம்புல தண்ணி ஏறி ரத்தம் நீர்த்துப் போயிருக்கும், அந்த ரெண்டு நாள் வலை வீசி கவுண்ட் பாக்குறதை தள்ளிப் போடுங்க, ஐப்பசி மழையில உப்பு சட்டுனு இறங்கும்போது இன்னும் ஜாக்கிரதை.

ரத்தத்துல செம்பு இருக்குன்னு மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்) அள்ளிப் போடுறதும் வேண்டாம், அளவு மீறினா அதுவே இறாலுக்கு விஷம்.

ரத்தம் உறையறதுக்கும் தனி புரதம் இருக்கு, கால்சியம் இருந்தாதான் அது வேலை செய்யும். நல்ல இறால்ல எடுத்த ரத்தம் சீக்கிரமே கட்டிப்போயிரும், வெள்ளைப்புள்ளி வந்த இறால்ல கட்டவே நேரம் ஆகும், சில நேரம் கட்டாமலே போயிரும். அப்படி இருந்தா ஆன்டிபயாட்டிக் தேடி ஓடாதீங்க, வைரஸுக்கு அது கேக்காது, ஏற்றுமதில சரக்கும் திரும்பி வந்துடும். பக்கத்துக் குளத்துக்கு தண்ணி போற வழியை முதல்ல அடைச்சுட்டு, சாம்பிளை லேப்புக்கு, வைரஸ் இருக்கான்னு பாக்குற பிசிஆர் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க.