அவுட்பில்டிங் வாடகைக்கு: விளம்பரம் எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிய சிறு குடியிருப்பான அவுட்பில்டிங்கை முதல் தடவையாக வாடகைக்கு விடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். விளம்பரம் நாலு வரிதான். அந்த நாலு வரிக்கும் சட்டம் உண்டு. படிக்கிறவருக்கு மானமும் உண்டு.

முதலில் அளவு நாடாவை எடுங்கள். அறையின் நீள அகலம், தனி வாசல் உண்டா, சமையலறை தனியா பொதுவா, கரண்டுக்கு பிரீபெய்ட் மீட்டரா, தண்ணீர் வாடகையில் சேர்த்தியா, கார் நிறுத்த இடம் எல்லாவற்றையும் தாளில் குறியுங்கள். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். தெருவிலிருந்து எத்தனை படி இறங்க வேண்டும் என்று எழுதிவிட்டால், முழங்கால் வலிக்காரர் வீணாக வந்து திரும்ப மாட்டார்.

அடுத்து, மனதில் தோன்றியபடி ஒரு வரைவு எழுதுங்கள். எழுதி முடித்ததும், ஆளைப் பற்றிய சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ‘இந்தியத் தம்பதியர் மட்டும்’, ‘இந்துக் குடும்பம்’, ‘பிள்ளைகள் வேண்டாம்’ போன்றவை மாட்டும். 1999ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க வாடகை வீட்டுச் சட்டம், 4ஆம் பிரிவில், விளம்பரத்திலேயே நியாயமற்ற பாகுபாடு கூடாது என்கிறது. இனம், நிறம், மதம், மொழி, வயது, கர்ப்பம், திருமண நிலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம்.

‘நம்ம வீடு, நம்ம ஆளுக்குக் கொடுத்தால் என்ன?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். அவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள். 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம்தான் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற அந்தச் சட்டம் 1991இல் நீங்கியது. அதை நம் வாசலில் நாமே மறுபடி எழுதக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இப்போது, கோடு போட்ட ஒவ்வொரு இடத்திலும் உங்கள் உண்மையான கவலை என்னவென்று பாருங்கள். ‘குடிக்காதவர்’ என்பதன் பின்னால் இருப்பது சத்தத்தைப் பற்றிய பயம் என்றால், ‘இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது’ என்று எழுதுங்கள். ‘நல்ல குடும்பம்’ என்பது வாடகை ஒழுங்காக வருமா என்ற கவலைதான். ‘சம்பளச் சீட்டும் ஒரு மாத டெபாசிட்டும் தேவை’ போதும். பொதுச் சமையலறையில் மாட்டிறைச்சி வேண்டாம் என்றால், மதத்தைச் சொல்லாமல் சமையலறை விதியைச் சொல்லுங்கள். அது உங்கள் வீட்டாருக்கும் விதியாக இருக்கட்டும். சமையலறை தனியென்றால் அவர்கள் அடுப்பில் நமக்கு வேலையில்லை.

‘கோயில் பக்கம்’ என்பது இடத்தின் விவரம், எழுதலாம். கூடவே பள்ளி, கிளினிக், பஸ் நிறுத்தமும் வரட்டும்.

‘பாதுகாப்பான இடம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட், ஜன்னல் கம்பி, அலாரம் என்று இருப்பதைச் சொல்லுங்கள். ‘வேலைக்காரி அறை’ என்பதைத் ‘தனி வாசலுள்ள சிறு அறை’ என்று மாற்றுங்கள். டர்பனின் எதெக்வினி நகராட்சி ஒப்புதல் தந்த கட்டட பிளான் கையில் இல்லாமல் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று போடவே கூடாது.

முடிவில் இப்படி வரும்:

‘சாட்ஸ்வொர்த்தில் ஒரு படுக்கையறை அவுட்பில்டிங். தனி வாசல், தனிச் சமையலறை. 14 படி இறங்க வேண்டும். பிரீபெய்ட் கரண்ட், தண்ணீர் வாடகையில் சேர்த்தி. ஒரு கார் நிறுத்தலாம். மாதம் 4500 ராண்ட், ஒரு மாத டெபாசிட். சனிக்கிழமை 10 முதல் 12 வரை பார்க்கலாம்.’

போன் வரும்போது இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரையோ பேச்சையோ வைத்து ஆளை எடை போடாமல், கூப்பிடும் எல்லாருக்கும் அதே வாடகை, அதே நிபந்தனை, அதே சனிக்கிழமை நேரம் சொல்லுங்கள்.