மழைக்கு முன் ஒரு நடை: மலை நகரத்தில் உங்கள் தெருவின் ஆபத்தை மதிப்பிடுவது எப்படி?

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் உயிரிழந்தார்கள். அன்றிலிருந்து குன்னூரில் இரவு மழை வலுத்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் உறக்கம் வருவதில்லை. படுத்தபடி கவலைப்படுவதைவிட, மழைக்கு முன்பே ஒரு நாள் நடந்து பார்த்துவிடலாம் என்று தொடங்கியதுதான் இந்த முறை. ஒரு நோட்டு, செல்பேசி, இரண்டு நண்பர்கள் போதும்.

முதல் படி: எல்லையை நீரிடம் கேளுங்கள்

வார்டு எல்லையை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் மலைமுகட்டிலிருந்து கீழே ஓடும் ஓடை வரைதான் உங்கள் ஆய்வுப் பகுதி. தெருவில் விழும் ஆபத்து பெரும்பாலும் மேலேயிருந்துதான் வருகிறது.

எந்த மழை உங்கள் மழை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிக்கு அது தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

இரண்டாம் படி: சரிவை அளந்து பாருங்கள்

கூகுள் எர்த்தில் தெருவுக்கு மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் வையுங்கள். இரண்டின் உயரங்களையும், இடையே உள்ள கிடைமட்டத் தூரத்தையும் எழுதுங்கள். 100 மீட்டர் தூரத்தில் 36 மீட்டர் உயர்ந்தால் சரிவு ஏறத்தாழ 20 பாகை; 58 மீட்டர் உயர்ந்தால் 30 பாகை. இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இனி வருவதுதான் முக்கியம்.

மூன்றாம் படி: நிலம் என்னவாக இருந்தது, என்னவாகிவிட்டது?

கூகுள் எர்த் ப்ரோவில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கலாம். கிடைப்பதில் மிகப் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, சோலை, புல்வெளி, தேயிலை, காய்கறி நிலம், கட்டடம் என்று ஐந்து வண்ணங்களில் ஒரு வரைபடம் தீட்டுங்கள். நிறம் மாறிய இடங்களே நீங்கள் தேட வேண்டியவை.

சோலையின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. நல்ல புல்வெளி மழையை மெதுவாக உள்வாங்குகிறது. ஓரளவு பராமரிக்கப்பட்ட தேயிலையும் மண்ணை மூடி நிற்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போட அடிக்கடி கிளறும் நிலத்தில் மண் தளர்ந்து, அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கிறது. விவசாயியைக் குறை சொல்லவில்லை; அவர் பிழைப்பு அது. ஆனால் அந்த நிலத்துக்கு நேர் கீழே வீடுகள் இருந்தால் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டே ஆக வேண்டும்.

தாழ்வான இடங்களில் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இங்கே முன்பு தண்ணீர் நின்றதா? ஊட்டி ஏரி 1820-களில், கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருவானது. இப்போது பேருந்து நிலையமும் பழைய குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் பகுதி வரை ஒரு காலத்தில் அது பரந்திருந்தது. ஏரி சுருங்கியது, நகரம் அதன் மேல் வளர்ந்தது. அத்தகைய இடத்தில் நீர் தேங்கினால் அதற்குக் காரணம் மழை மட்டுமல்ல. உங்கள் ஊரின் பெரியவர்களிடம் பழைய ஓடையின் பெயரைக் கேளுங்கள். பெயர் மட்டும் மிஞ்சி ஓடை காணாமல் போயிருந்தால், அது எந்தக் கட்டடத்துக்கு அடியில் போகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள்.

நான்காம் படி: காலால் நடந்து பாருங்கள்

மேலிருந்து கீழாக நடங்கள். வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை வெட்டிய இடங்களை முதலில் குறியுங்கள். மேலே இருக்கும் மண்ணைத் தாங்குவது அந்த அடிப்பகுதிதான். அதை எடுத்துவிட்டு மேலே இரண்டு மாடி ஏற்றினால் சுமை கூடுகிறது, தாங்கல் குறைகிறது.

தடுப்புச் சுவரில் நீர் வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். துளையில்லாத சுவரின் பின்னால் நீர் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். கூரை நீரும் கழிவுநீர்க் குழியின் கசிவும் எங்கே போகின்றன? வாய்க்கால் இல்லாத தெருவில் அவை சரிவுக்குள்ளேயே இறங்கி, மழை இல்லாத நாளிலும் மண்ணை நனைக்கின்றன. இதைத்தான் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

சாய்ந்த மரங்கள், தரையில் புதிய விரிசல், திடீரென்று மூடாமல் மக்கர் செய்யும் கதவு, புதிதாகக் கசியும் ஊற்று ஆகியவை மண் நகர்கிறது என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். எதைக் கண்டாலும் தேதியுடன் படமெடுங்கள்.

ஐந்தாம் படி: மனிதர்களும் வழியும்

ஒவ்வொரு வீட்டிலும் தனியாக வாழும் முதியவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தை உண்டா என்று கேட்டு எழுதுங்கள். வெளியேற எத்தனை வழி? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வரும் மலைச்சாலை மண்சரிவால் அடைபட்டால் கோத்தகிரி வழியைத்தான் நம்ப வேண்டும். 1993 நவம்பரில் மரப்பாலம் பகுதியில் நேர்ந்த மண்சரிவு மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில்தான். ஊருக்கே இப்படியென்றால், படிக்கட்டு ஒன்றே வழியாக உள்ள தெருவை எண்ணிப் பாருங்கள்.

ஆறாம் படி: மதிப்பெண்

சரிவு, மேலே உள்ள நிலம், நீரின் போக்கு, வெட்டிய அடிப்பகுதி, மக்கள், வழி ஆகிய ஆறுக்கும் வீடு வாரியாக 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். 3 என்றால் மிக மோசம். சராசரி எடுக்காதீர்கள், சராசரி ஆபத்தை மறைத்துவிடும். நீரின் போக்கு, வெட்டிய அடிப்பகுதி இரண்டுக்குமே தலா 3 விழுந்தால், சரிவு 15 பாகையாக இருந்தாலும் அந்த வீட்டை முதல் வரிசையில் வையுங்கள். மரங்கள் மூடிய 30 பாகைச் சரிவின் கீழுள்ள வீடு அதற்குப் பின்னால் வரலாம். இது முதல் வடிகட்டல் மட்டுமே. சிவப்பு வட்டங்களை ஒரு நிலவியல் வல்லுநர் நேரில் பார்க்க வேண்டும். வரைபடத்தின் ஒரு பிரதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள் அதே பாதையில், அதே நோட்டுடன் மீண்டும் நடங்கள். முன்பு படமெடுத்த இடத்திலேயே நின்று, அதே விரிசலை மறுபடி படமெடுங்கள்.