பழைய செட்டிநாட்டு வீட்டைப் பழுதுபார்க்கும்போது செய்யக்கூடாதவை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்க்க ஆள் கூப்பிட்டால், வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு முழுக்க உதிருது, எல்லாத்தையும் கொத்திட்டு சிமெண்ட் பூசிடலாம்" என்பார். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும் என்று வீட்டுக்காரரும் சரி என்றுவிடுவார். நல்ல வீடுகள் பல கெட்டது இந்த இடத்தில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதியிலிருந்து 1940கள் வரை கட்டிய இந்த வீடுகளின் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறத்தான் செய்யும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் உலர்ந்துவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. வெளியேற இடமில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிந்து இறுகி, செங்கலின் முகத்தையே பொடியாக்குகிறது. சில மழைக்காலம் போனதும் அந்த சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். அதில் ஒட்டிக்கொண்டு பழைய செங்கலும் வரும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால் பூச்சு உதிர்ந்தால் முதலில் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, வீட்டின் அடித்தளம் தாழ்ந்து போயிருக்கும். சுவரோரம் சிமெண்ட் தளம் போட்டிருப்பார்கள். மண் வழியே ஆவியாக வேண்டிய ஈரம் சுவருக்குத் திரும்பும். அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் உதிரும்.

சுண்ணாம்பு வேலைக்கு ஒத்துக்கொண்ட பிறகும் அவசரம் விடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும். நன்றாக நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஈரம் காயாமல் காத்து, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். "சீக்கிரம் இறுகட்டும்" என்று கலவையில் ஒரு சட்டி சிமெண்ட் போட்டால் சுண்ணாம்பின் குணமே போய்விடும். வேலை நடக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

உள்சுவரில், கை வைத்தால் குளுகுளுவென்று வழவழப்பாக இருக்கிறதா? அது முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு. அதன் மேல் பெயிண்ட் அடிக்கவே கூடாது. அடித்துவிட்டால் அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. ஈரத்துணியால் துடைத்தாலே பளிச்சென்று வரும். ஆத்தங்குடி ஓடு போட்ட தரையும் அப்படித்தான். கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றுகிறார்கள். அது சிமெண்டும் நிறமும் கலந்து கையால் செய்த ஓடு, ஆசிட் நிறத்தையே தின்றுவிடும்.

அடுத்த பெரிய தவறு முற்றத்தில். மழை உள்ளே வருகிறது, தூசி விழுகிறது என்று மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே சேரும் சூடு மேலே போவதே அந்தத் திறப்பு வழியாகத்தான். மூடியதும் வளவே, அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள வீட்டுப் பகுதியே, வெந்துபோகிறது. அப்புறம் ஏசி வைக்கிறார்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் மழைநீரைக் கொட்டுவது முற்றத்தில். அங்கிருந்து தரைக்கடியில் ஓடும் வடிகால் அதை வெளியே கொண்டுபோகும். புதுத் தரை போடும்போது இந்த வாயைத் தெரியாமல் அடைத்துவிட்டால், அடுத்த அடைமழையில் தண்ணீர் கூடத்துக்குள் வரும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டுத் தரையைத் தொடுங்கள்.

மாடி ஒழுகினால் மேலே கான்கிரீட் போடுவது வழக்கமாகிவிட்டது. மெட்ராஸ் டெரஸ் என்றால் கீழே தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல், அதற்கு மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும். மேலே ஏற்றும் பாரம் முழுவதும் அந்தக் கட்டைகளுக்குத்தான். கட்டை நடுவில் நன்றாகத் தெரிந்தாலும், சுவருக்குள் புதைந்த நுனி ஓதத்தில் இற்றிருக்கலாம். தச்சரை வைத்து நுனியைக் குத்திப் பாருங்கள். இற்றிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப்போடலாம். தூணின் அடி கெட்டாலும் இதே முறைதான், முழுத் தூணையும் மாற்றத் தேவையில்லை.

கழிப்பறை இல்லாமல் யாரும் வந்து தங்க மாட்டார்கள், அது நியாயம். ஆனால் அதை மரக்கட்டை தாங்கும் மாடியில் வைக்காதீர்கள். பின்கட்டிலோ தனியாகவோ கட்டி, குழாயைச் சுவரில் பள்ளம் வெட்டாமல் வெளியே தெரியும்படியே விடுங்கள். கசிந்தால் அன்றைக்கே தெரியும்.

முகப்பில் 1930களின் ஆர்ட் டெக்கோ அலங்காரம் (நேர்கோடும் வடிவியல் உருவங்களுமான மேல்நாட்டுப் பாணி) இருந்தால், "இது பிற்காலத்து வேலை" என்று சொல்லி இடிப்பவர்களும் உண்டு. அதுவும் அந்தக் குடும்பத்தின் கதைதான், இருக்கட்டும்.

எதையும் கழற்றும் முன் அளந்து வரைந்து, படம் எடுத்து, கதவு ஜன்னலுக்கு எண் போடுங்கள். பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கூரையைப் பிரித்தபின் ஒருவர் தடுத்தால் வீடு மழையில் நனையும். முதல் பணத்தைக் கூரைக்கும் வடிகாலுக்கும் செலவழியுங்கள். ஓர் ஐப்பசி மழை போகட்டும். ஒழுகல் நின்று, சுவர் உலர்ந்த பிறகு பூச்சுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டால் போதும்.