வீட்டை விற்கும் முன்: காகிதமும் காரையும்

தனி வீட்டை விற்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்டரைத்தான் அழைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவர் பத்திரங்களை வரிவரியாகப் படிக்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞர். தமிழ்நாட்டில் பேசி முடித்த விலை பாதியில் முறிவது, பெரும்பாலும் வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கியின் சட்ட ஆலோசகர் எழுப்பும் ஒரு கேள்விக்கு விற்பவரிடம் காகிதம் இல்லாததால்தான். அந்தக் கேள்வியைச் சில மாதங்கள் முன்னதாக நாமே கேட்டுக்கொண்டு பதிலைத் தேடி வைத்துவிட்டால், விலை பேசும்போது குரல் இறங்காது.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களை, அதாவது சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியலை, கட்டணமின்றிப் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்து, அதிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும் உரிய ஆவணம் கையில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். வீட்டுக் கடனை அடைத்தவர்களில் பலர், பத்திரத்தை வங்கியிலிருந்து வாங்கி வந்ததோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கடன் வாங்கியபோது பத்திரத்தை வங்கியிடம் அடமானமாகக் கொடுத்ததற்குப் பதிவான உரிமை ஆவண ஒப்படைப்பு, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதிவாகும் வரை வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தராமல் தன் பக்கத் தவறால் தாமதிக்கும் வங்கி, நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. மூலப்பத்திரம் தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெறுவதற்கும், நாளிதழில் அறிவிப்பு வெளியிடுவதற்கும் காலம் பிடிக்கும் என்பதால், அதை உடனே தொடங்க வேண்டும்.

தகப்பனார் பெயரில் இருந்த வீட்டைப் பிள்ளைகள் விற்கும்போதுதான் சிக்கல் மிகுதி. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயாருக்கும் சம பங்கு உண்டு. அப்பா காலமானபோது பாட்டி உயிரோடு இருந்து, பின்னர் அவரும் உயில் இல்லாமல் மறைந்திருந்தால், பாட்டியின் பங்கில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோருக்கும் உரிமை வந்துவிடும். வாரிசுச் சான்றிதழில் பாட்டியின் பெயரைப் பார்த்தவுடன் வங்கியின் வழக்கறிஞர் அவர்களுடைய கையெழுத்தைக் கேட்பார். கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்பதால் தங்கையின் பங்கும் மறைந்துவிடாது. விற்பனையில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடுவதா, தம் பங்கை விட்டுக்கொடுப்பவர்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வதா என்பதை வீட்டுக்கு விலை வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. தொகை தெரிந்த பிறகு அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும்.

பட்டா விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெற முயல வேண்டும். பத்திரத்தில் 2,400 சதுர அடி என்றிருக்க, மதில் சுவருக்குள் அளந்தால் சற்றுக் குறையும் மனைகள் ஏராளம். சர்வேயரை வைத்து முன்கூட்டியே அளந்துகொண்டால், வாங்குபவர் டேப்பைப் பிடிக்கும்போது வாய்தர்க்கம் எழாது. கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இனி வீடு. பழைய வீட்டைப் பார்க்க வருபவரோடு ஒரு மேஸ்திரியோ விவரம் தெரிந்த மாமாவோ கட்டாயம் வருவார். அவர் கூடத்தை விட்டுவிட்டுக் குளியலறைக்கு வெளிப்புறமுள்ள சுவரைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, நகத்தால் சுரண்டினால் காரை மாவாக உதிர்ந்து, அடியில் வெண்மையாக உப்பு பூத்திருந்தால் அது ஓதம். அதன்மேல் புட்டி பூசி வண்ணம் அடித்தால் அடுத்த மழைக்குள் மீண்டும் உப்பிவிடும். புதிதாக ஒரு சுவருக்கு மட்டும் பூசிய பெயின்டே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கசியும் குழாயையும் தரை ஓடுகளின் இடுக்குகளையும் சரிசெய்து, பழைய காரையைச் செங்கல் வரை கொத்தி எடுத்துவிட்டு, மறுபூச்சு நன்றாக உலர்ந்த பின்னரே வண்ணம் பூச வேண்டும். மொட்டை மாடியில் ஒரு நாள் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே கூரையைப் பார்த்தால் விரிசலின் இடம் தெரிந்துவிடும். மழைக்காலம் ஐப்பசியில் தொடங்குவதால், இந்த வேலைகளைச் சித்திரை, வைகாசியில் முடிப்பது வசதி.

தொட்டியைக் கழுவுதல், மோட்டாரைப் பழுது பார்த்தல், ஒழுகும் குழாய்களையும் எரியாத விளக்குகளையும் மாற்றுதல், கதவு நிலையில் கரையானுக்கு மருந்து அடித்தல் ஆகியவை சிறு செலவுகள்; இவற்றைத் தவிர்க்கக் கூடாது. புதிய மாடுலர் சமையலறைக்கும் விலையுயர்ந்த டைல்ஸுக்கும் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் வாங்குபவர் தம் விருப்பப்படி அவற்றை மாற்றத்தான் போகிறார். வாஸ்துவுக்காகச் சுவரை இடிப்பதும் அப்படியே. குடியிருப்பவர் இருந்தால், அவர் காலி செய்யும் தேதியை எழுத்தில் பெற்ற பிறகே வீட்டைக் காட்டத் தொடங்கலாம்.

ஆடியிலும் மார்கழியிலும் பலர் பத்திரம் பதிய மாட்டார்கள். ஆவணிக்கும் தைக்கும் பதிவை எதிர்பார்த்தால் அதற்குச் சில மாதங்கள் முன்பே வீட்டைக் காட்ட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வாங்குபவருக்குத் தனிச்செலவு இருப்பதை நினைவில் கொண்டு விலை சொல்வது நியாயம். மதிப்பு 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், இந்தியாவில் வசிக்கும் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வாங்குபவர் வருமான வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் பிடித்தம் கூடுதல் என்பதால் ஆடிட்டரை முன்பே பார்க்க வேண்டும். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

கிரய ஒப்பந்தத்தில் மீதித் தொகை வர வேண்டிய தேதியையும், பேரம் முறிந்தால் முன்பணம் என்னவாகும் என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். பதிவான ஒப்பந்தம் நிறைவேறாமல் போனால், ரத்து ஆவணத்தையும் பதிந்தால்தான் அடுத்தவருக்கு விற்க வழி பிறக்கும். ஆகவே அதற்கு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டிய கால வரம்பையும் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.